தீயைக் காத்தவர்களின் குரல்

உரோமாபுரியின் பொதுமன்றத்தில் வெஸ்டா என்னும் அடுப்புத் தெய்வத்தின் தீயை அணையவிடாது காத்துவந்த பெண்களைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர்க்குப் பெயரிடுவதிலேயே முதல் இடர்ப்பாடு தோன்றிவிடுகின்றது. துறவியர் என்று எழுதலாமா எனின், துறவுக்கு உடைமை ஆகாது. இவர்களோ நிலமும் பொருளும் வைத்திருந்தனர், உயில் எழுதினர், பணிக்காலம் முடிந்தபின் விரும்பினால் மணம் செய்துகொள்ளவும் உரிமை பெற்றிருந்தனர். கோயிற் பெண்டிர் எனலாமா எனின், அச்சொல் நம் செவிக்கு வேறொரு வரலாற்றை நினைவூட்டிவிடும். ஆகவே வெஸ்டா கன்னியர் என்னும் வழக்கையே ஈண்டுக் கைக்கொள்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலக்கிய வட்டக் கூட்டமொன்றில் பண்டை நாகரிகங்களில் பெண்ணின் நிலை பற்றிப் பேச்செழுந்தது. நண்பர் ஒருவர் வெஸ்டா கன்னியர்க்கு உரோமர் அளித்த சிறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, “பெண்ணை இத்துணை உயரத்தில் வைத்துப் போற்றிய பழஞ்சமுதாயம் வேறுண்டோ?” என்று வினவினார். அவையோர் கைதட்டினர், நானுந் தட்டினேன். வீடு திரும்பியபின், அவர் அடுக்கிய சிறப்புகள் எந்த ஏட்டில் உள்ளன என்று தேடினேன். அவற்றுட் பெரும்பகுதி கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதிய நூமாவின் வரலாற்றில் பத்தாம் இயலில் இருந்தது. அதே இயலின் பிற்பகுதி, அப்பெண்களை உயிருடன் மண்ணுக்குள் இறக்கும் முறையை விரித்துரைக்கின்றது. நண்பர் இயலின் முற்பாதியோடு நிறுத்திக்கொண்டார். நம்முள் பலரும் அவ்வாறே படிக்கின்றோம் என்பதே என் மனத்தை உறுத்தியது.

இக்கட்டுரை அந்த ஏடுகளைக் கடைசிவரை படித்துப் பார்க்கும் ஒரு முயற்சியே. வெஸ்டா கன்னியரைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர் அனைவரும் ஆடவர். கன்னியருள் ஒருவரேனும் எழுதிய நூல் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. ஆதலால் ஓர் ஆசிரியரை மதிப்பிட நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: தீயைக் காத்த பெண்ணை அவர் தம் ஏட்டில் பேசவிட்டாரா?

முதலில் அவர்தம் வாழ்வின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். பொதுமன்றத்தில் வட்ட வடிவில் ஒரு சிறு கோயில். அதனுள் தெய்வத் திருவுருவம் இல்லை. நெடுநாள் உருவம் இருப்பதாகத்தான் எண்ணியிருந்ததாகவும், பின்னரே உண்மை தெரிந்ததாகவும் கவிஞர் ஓவிட் ஒப்புக்கொள்கின்றார். தீயே தெய்வம். அதைக் காக்கும் கன்னியர் அறுவர். 6 வயதிற்குக் குறையாமலும் 10 வயதிற்கு மேற்படாமலும் இருக்கும் சிறுமியரிலிருந்தே அவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். தாய் தந்தை இருவரும் உயிரோடிருத்தல் வேண்டும். உடலில் ஊனம் இருத்தலாகாது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான ஆலஸ் கெல்லியஸ் தரும் இப்பட்டியலில், நாக்குத் திருத்தமாக இருத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. பேசும் ஆற்றலைச் சோதித்தே எடுத்தனர் என்பதை வாசகர் நினைவில் இருத்துக.

தெரிவு முறையும் நோக்கத்தக்கது. தலைமைக் குரு சிறுமியின் கையைப் பற்றித் தந்தையிடமிருந்து அழைத்துச் செல்வார். போரில் பிடிபட்டவளைக் கொண்டுசெல்வது போல என்று கெல்லியஸே உவமை கூறுகின்றார். அக்கணத்தில் தலைமைக் குரு அவளை அமாட்டா என்று அழைப்பார். அன்புக்குரியவள் என்று பொருள்படும் சொல் அது. முதன்முதல் எடுக்கப்பட்டவளின் பெயர் அதுவாக இருந்தமையால் அவ்வழக்கம் வந்ததென்பது கெல்லியஸ் தரும் விளக்கம். எப்படியாயினும், அந்நொடியில் சிறுமியின் சொந்தப் பெயர் அச்சடங்கில் ஒலிக்கவில்லை. அன்றுமுதல் 30 ஆண்டுப் பணி: கற்க 10, ஆற்ற 10, கற்பிக்க 10. தந்தையின் ஆட்சியுரிமை அவள்மேல் அன்றோடு அறுந்துபோகும். உரோமப் பெண் எவளுக்கும் எளிதிற் கிட்டாத இவ்விடுதலையைத்தான் என் நண்பர் பெரிதும் போற்றினார். தந்தையின் கையிலிருந்து விடுபட்டவள் யார் கைக்குச் சென்றாள் என்பதை அவர் கேட்கவில்லை. தீ அணைந்தால் அவளைச் சவுக்கால் அடிக்கும் உரிமை தலைமைக் குருவுக்கு இருந்தது.

அவர்கள் வேலை தீக்காவல் மட்டுமன்று. அரசின் வேள்விகளில் பலிவிலங்கின்மேல் தூவப்படும் உப்பிட்ட மாவை அவர்களே சமைத்தனர். மே மாதத்தில் மூத்த கன்னியர் மூவர் புதுத் தானியக் கதிர்களை வறுத்து, இடித்து, திரித்து வைப்பர். நீரை ஊற்றிலிருந்து சுமந்து வந்தனர். ஜூன் 15-ஆம் நாள் கோயிலைப் பெருக்கிக் குப்பையை அகற்றினர். ஒரு வீட்டின் மகள் செய்யும் வேலைகளை நாட்டின் பொருட்டுச் செய்தவர்கள் என்று சொல்லலாம். மேரி பியர்ட் என்னும் ஆய்வாளர் 1980-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இவர்களிடம் கன்னி, மனைவி, ஆடவன் ஆகிய மூவரின் அடையாளங்களும் ஒருங்கே கலந்திருந்தன என்று வாதிட்டார். 1995-இல் அக்கருத்தைத் தாமே மறு ஆய்வுக்கு உட்படுத்தினார். தம் புகழ்பெற்ற கட்டுரையைத் தாமே கேள்விக்குள்ளாக்கும் நேர்மை நம் திறனாய்வாளரிடையே அரிதாகவே காணப்படுகின்றது. அது நிற்க.

இனி ஏடுகளுக்கு வருவோம். அகஸ்டஸ் காலத்து வரலாற்றாசிரியர் லிவி, உரோமாபுரியின் தோற்றத்தையே ஒரு வெஸ்டா கன்னியிடமிருந்து தொடங்குகின்றார். அண்ணனின் அரியணையைப் பறித்த அமூலியஸ், அண்ணன் மகள் ரியா சில்வியாவுக்குப் பிள்ளை பிறத்தலாகாது என்று கருதி, பெருமை செய்வது போன்ற பாவனையில் அவளை வெஸ்டா கன்னியாக்கினான் என்கின்றார் லிவி. பெருமை என்னும் பெயரால் செய்யப்பட்ட சிறை அது என்பதை அவர் மறைக்கவில்லை. அவள் ஈன்ற இரட்டையருள் ஒருவனே நகரை நிறுவிய ரோமுலஸ். குழந்தைகளின் தந்தை செவ்வாய்த் தெய்வமாகிய மார்ஸ் என்று அவள் கூறினாள். உண்மையாகவே நம்பிக் கூறினாளோ, குற்றத்திற்குத் தெய்வத்தைக் காரணம் காட்டுவது கண்ணியமானது என்று கருதிக் கூறினாளோ என்று லிவி ஐயம் எழுப்புகின்றார். பேசிய ஒரே சொல்லும் ஐயத்தோடுதான் பதிவாகின்றது. பின்னாளில் எந்தக் குற்றத்திற்காகக் கன்னியரைப் புதைத்தார்களோ, அதே குற்றத்தின் மகன்தான் உரோமாபுரியை நிறுவியவன். இம்முரண்பாட்டை உரோமர் ஆண்டுதோறும் விழா எடுத்துக் கொண்டாடினர்.

லிவி காட்டும் அடுத்த கன்னி போஸ்டுமியா. ஆண்டு கி.மு. 420. அவள்மேல் ஐயம் எழக் காரணம் இரண்டு: அழகாக உடுத்தினாள், கன்னிக்குத் தகாத அளவு வேடிக்கையாகப் பேசினாள். வழக்கு ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் அவள் விடுவிக்கப்பட்டாள். ஆனால் தலைமைக் குரு இனிப் பகடி பேசாதிருக்கவும், அழகுக்காக அன்றித் தூய்மைக்காக உடுத்தவும் அறிவுறுத்தினார். அவள் என்ன பகடி பேசினாள்? லிவி எழுதவில்லை. உயிருக்கே உலை வைக்கவிருந்த அந்த நகைச்சுவைச் சொல் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று படிக்குந்தோறும் ஏங்குகின்றேன். கி.மு. 337-இல் மினூசியாவுக்கும் ஐயம் உடையிலிருந்தே தொடங்கியது. ஓர் அடிமையின் சாட்சியில் முடிந்தது. கொல்லைன் வாயிலுக்கருகே அவள் உயிருடன் புதைக்கப்பட்டாள். இதைச் சில வரிகளில் முடித்துவிட்டு, அதே ஆண்டில் பொதுமக்கள் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக நீதியதிகாரப் பதவி பெற்றதைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றார் லிவி.

கி.மு. 216-ஆம் ஆண்டு நிகழ்ச்சிதான் நம் வாதத்திற்கு உயிர்நாடி. கன்னே என்னுமிடத்தில் ஹானிபல் உரோமப் படையை அழித்தொழித்த ஆண்டு அது. நகரெங்கும் அச்சம். அவ்வாண்டில் ஒப்பிமியா, ஃபுளோரோனியா என்னும் இரு கன்னியர் கற்பிழந்தனர் என்று தீர்க்கப்பட்டது. லிவி சொல்கிறார்: ஒருத்தி வழக்கப்படி கொல்லைன் வாயிலருகே மண்ணுக்குள் கொல்லப்பட்டாள்; மற்றொருத்தி தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். யார் புதைக்கப்பட்டவள், யார் தற்கொலை செய்துகொண்டவள்? லிவி குறிப்பிடவில்லை. ஆனால் ஃபுளோரோனியாவுடன் தொடர்புடையவன் என்று சொல்லப்பட்ட எழுத்தனின் பெயர் லூசியஸ் கன்டீலியஸ் என்பதும், அவன் குருமார் அலுவலகத்தில் பணியாற்றியவன் என்பதும், தலைமைக் குரு அவனை அடித்த அடியிலேயே அவன் உயிர் பிரிந்தது என்பதும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன.

தொடர்ந்து அவர் கூறுவது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இக்கேடு ஒரு தீக்குறியாகக் கொள்ளப்பட்டது. தெய்வ ஏடுகளைப் பார்த்து, காலிய ஆணும் பெண்ணும், கிரேக்க ஆணும் பெண்ணுமாக நால்வரை மாட்டுச் சந்தையில் உயிருடன் புதைத்தனர். இச்சடங்கு உரோமர் மரபுக்குச் சற்றும் ஒவ்வாதது என்று லிவி முகம் சுளிக்கின்றார். ஒரே பகுதியில் இரண்டு உயிர்ப்புதைப்புகள்: அயலாரைப் புதைத்தது உரோமப் பண்பாட்டுக்கு மாறானது, தீயைக் காத்த தம் மகளைப் புதைத்தது வழக்கப்படி நடந்தது. லிவி கொடியவர் அல்லர். நகரின் தோல்விக்கு அப்பெண்ணின் உடல் விடை சொல்ல வேண்டும் என்பது அவர்க்கு ஐயத்திற்கு அப்பாற்பட்ட செய்தியாக இருந்தது. அதனால்தான் அவர் பேனா அங்கே தயங்கவில்லை.

இவ்வாறு கூறுவதால் அவர்கள் வலிமையற்ற பொம்மைகள் என்று கருதிவிடலாகாது. கி.மு. 143-இல் ஆப்பியஸ் கிளாடியஸ் எதிர்ப்பை மீறி வெற்றி ஊர்வலம் வந்தபோது, மக்கள் பாதுகாவலர் அவனைத் தேரிலிருந்து இழுத்து இறக்கிவிடாதபடி, வெஸ்டா கன்னியாகிய அவன் மகள் கிளாடியா தேரில் ஏறித் தந்தையை அணைத்துக்கொண்டாள். அவளைத் தொட எவரும் துணியவில்லை. இளமையில் சுல்லாவின் சினத்திற்கு ஆளான ஜூலியஸ் சீசருக்காக இக்கன்னியரும் பரிந்து பேசினர். சீசரின் உயிலும் இவர்கள் காவலில்தான் இருந்தது. ஆயினும் கிளாடியாவின் செயல் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? கி.மு. 56-இல் சிசரோ நீதிமன்றத்தில் கிளாடியா குலத்து மற்றொரு பெண்ணை இழித்துரைக்கும்போது, உன் குலத்தில் இப்படியும் ஒருத்தி இருந்தாள் என்று இடித்துக்காட்ட அவளை எடுத்தாள்கின்றார். ஒரு பெண்ணின் துணிவு இன்னொரு பெண்ணை அடிக்கும் கோலாகிறது.

லிசினியா என்னும் கன்னியின் கதை சற்றுச் சிரிப்பூட்டுவது. பெருஞ்செல்வர் கிராஸ்ஸஸ் அவளை ஓயாது சுற்றிவந்தார். இருவர்மேலும் பழி சுமத்தப்பட்டது. அவர் நாடியது அவளையன்று, நகர்ப்புறத்தில் அவளுக்கிருந்த தோட்ட மாளிகையைக் குறைந்த விலைக்கு வாங்குவதையே என்று தெரியவந்ததும் வழக்கு முடிந்தது. பேராசை கற்பைக் காப்பாற்றிய கதை இது. மாளிகையை வாங்கும்வரை அவர் அவளை விட்டபாடில்லை என்று முடிக்கின்றார் புளூட்டார்க்.

அதே புளூட்டார்க்கின் நூமா வரலாற்றுப் பகுதி உரைநடை ஆற்றலில் லிவியின் பகுதிகளை விஞ்சுவது. தண்டனை பெற்றவளைப் பல்லக்கில் ஏற்றி, குரல் ஒரு சிறிதும் வெளிவராதபடி போர்த்து வார்களால் இறுக்கி, பொதுமன்றத்தின் வழியே கொண்டுசெல்வர். மக்கள் வாய்பேசாது வழிவிட்டு, ஒலியின்றிப் பின்தொடர்வர். நகருக்கு அதைவிடத் துயரமான நாள் வேறில்லை என்கின்றார் ஆசிரியர். நிலத்தடியில் சிறு அறை. அதில் ஒரு கட்டில், எரியும் விளக்கு ஒன்று, சிறிது அப்பம், நீர், பால், எண்ணெய். தெய்வப்பணிக்கு நேர்ந்துவிடப்பட்ட உயிரைப் பட்டினியால் கொன்ற பாவம் தங்களைச் சாராதிருக்கவே இவ்வேற்பாடு. தலைமைக் குரு வானை நோக்கிக் கையுயர்த்தி மறைமொழி கூறியபின் அவளை ஏணியில் நிறுத்தி, தாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் இறங்கியதும் ஏணி எடுக்கப்படும், மண் மூடப்படும்.

தீயைக் காக்கத் தகாதவள் என்று தள்ளப்பட்டவளின் கையருகே இறுதியாக ஒரு விளக்கை ஏற்றிவைத்துவிட்டுப் போகின்றனர். புளூட்டார்க் இதைக் கண்டார்; எழுதினார்; இதன்மேல் ஒரு சொல்லும் கூறாது சென்றார். அவர் வரையும் ஓவியத்தில் அனைவரும் இருக்கின்றனர்: குரு, காவலர், கூட்டம், மௌனம். அப்பெண் மட்டும் போர்வைக்குள் இருக்கின்றாள். அவள் குரல் கேளாதபடி கட்டிய வார்களைக் குறித்த அந்தச் சிறு செய்திக்காகவே நான் அவர்க்கு நன்றி கூறுவேன். ஏனெனில், கட்டவேண்டிய தேவை இருந்தது என்பதே அவள் கூவினாள் என்பதற்குச் சான்று.

அக்கட்டு அவிழ்ந்து ஒருத்தியின் குரல் நம் செவிக்கு எட்டிய இடம், இளைய பிளினியின் மடல்களில் நான்காம் தொகுதியின் 11-ஆம் மடல். பேரரசன் டொமிஷியன், கி.பி. 90-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தலைமைக் கன்னி கொர்னேலியாவை உயிருடன் புதைக்க முடிவு செய்தான். முன்னர் ஒருமுறை அவள் விடுவிக்கப்பட்டவள் என்கின்றார் சூட்டோனியஸ். குருமாரை உரிய இடத்தில் கூட்டாது, ஆல்பாவிலிருந்த தன் மாளிகையில் கூட்டி, அவள் இல்லாமலேயே, அவள் வாய்மொழி கேளாமலேயே தீர்ப்பளித்தான். தன் அண்ணன் மகளையே கெடுத்தவன் கற்பை விசாரித்தான் என்று பிளினி சினந்தெழுதுகின்றார்.

தண்டனைக்குக் கொண்டுசெல்ல வந்தபோது கொர்னேலியா வெஸ்டாவையும் ஏனைத் தெய்வங்களையும் நோக்கிக் கையுயர்த்தினாள். பலவாறு கூவினாள், ஒன்றை மட்டும் மீண்டும் மீண்டும் சொன்னாள். தான் வழிபாடு ஆற்றிவந்த காலத்தில்தானே அரசன் போர்களில் வென்றான், வெற்றி விழாக் கொண்டாடினான். அவ்வாறிருக்கத் தன்னைக் கற்பிழந்தவள் என்று அவன் எங்ஙனம் எண்ணலாம் என்பதே அவள் கூற்றின் கருத்து. அவனை மகிழ்விக்கச் சொன்னாளோ, எள்ளி நகையாடினாளோ, தன்மேற் கொண்ட உறுதியால் சொன்னாளோ, அவன்மேற் கொண்ட வெறுப்பால் சொன்னாளோ என்று பிளினி தடுமாறுகின்றார்.

எனக்கோ அது முகத்துதியாகவும் தோன்றவில்லை, வெறும் எள்ளலாகவும் தோன்றவில்லை. அது ஒரு வழக்கறிஞரின் வாதம். கன்னே போருக்குப் பின் உரோமர் என்ன கூறினர்? நாடு தோற்றது, ஆகவே தீயைக் காப்பவள் தூயவள் அல்லள். அந்த அளவையியலை அப்படியே எடுத்து அவர்கள்முன் திருப்பி வைக்கின்றாள் கொர்னேலியா: நாடு வென்றது, ஆகவே நான் தூயவள். அரசனும் குருமாரும் தங்கள் சொந்தக் கொள்கையையே நம்பியிருந்தால் அவளை விடுவித்திருத்தல் வேண்டும். விடுவிக்கவில்லை. தோல்விக்குப் பொறுப்பாளி ஆனவளுக்கு வெற்றியில் பங்கு இல்லை. நூற்றாண்டுகளாக எவரும் எழுதாத இவ்வுண்மை, சாகப்போகும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து ஒரே கூற்றில் வந்து விழுகின்றது. உரோம இலக்கியம் ஒரு வெஸ்டா கன்னிக்கு அளித்த மிகச் சிறந்த இடம் இதுவே என்பது என் துணிபு.

ஆனால் அடுத்த சில வரிகளிலேயே பிளினி அவளை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகின்றார். நிலவறைக்குள் இறங்கும்போது அவள் மேலாடை எதிலோ சிக்கியது. திரும்பி அதை எடுத்து ஒழுங்குபடுத்தினாள். கொலையாளி கைகொடுக்க வந்தபோது அருவருத்து விலகினாள். உடனே பிளினிக்கு யூரிப்பிடீஸின் ஹெக்குபா நாடகம் நினைவுக்கு வருகின்றது. பலியிடப்படும்போதும் கண்ணியமாக விழுவதில் கருத்தாயிருந்த பொலிக்சீனாவைப் பற்றிய அடியைக் கிரேக்கத்திலேயே எடுத்தாள்கின்றார். வாதிட்டவள் மறைந்து, அழகாகச் சாகும் நாடகத் தலைவி தோன்றிவிடுகின்றாள். கற்றவர்க்கு ஏற்படும் தீமை இது. மேற்கோள் ஒன்று கையில் இருந்தால் கண்முன் நிற்கும் மனிதரைக் காண முடிவதில்லை. மேலும், அம்மடலின் கதைத்தலைவன் கொர்னேலியா அல்லள். அவள் வழக்கில் சிக்கி நாடு கடத்தப்பட்டு, சிசிலியில் சொற்கலை ஆசிரியனாகிவிட்ட லிசினியானஸ் என்னும் முன்னாள் அதிகாரியின் கதையே மடலின் பொருள். அவன் தாழ்ந்த நிலையை விளக்கப் போந்த இடத்தில் அவள் இடையே வந்து செல்கின்றாள்.

இருப்பினும் பிளினியின் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் குற்றமற்றவளா என்பது தமக்குத் தெரியாது, குற்றமற்றவள் போன்று சென்றாள் என்பது உறுதி என்று எழுதும் நேர்மை அவரிடம் இருக்கின்றது. டொமிஷியன் இறந்தபின் அவனைப் பழிப்பது எளிது. அவளைத் தூயவள் என்று முழங்கிவிட்டிருந்தால் அவன் மேலும் கொடியவனாகியிருப்பான். பிளினி அதைச் செய்யவில்லை. 1807-இல் பாரிசில் அரங்கேறிய ஸ்பொன்டீனியின் இசைநாடகத்தில், காதலால் தீயை அணையவிட்ட கன்னியை வானத்து மின்னல் காப்பாற்றி மணமேடைக்கே அனுப்பிவிடுகின்றது. பிளினியின் தயக்கத்தைப் படித்தவர்க்கு அந்த மின்னல் கசக்கும்.

கி.பி. 382-இல் பேரரசன் கிரேஷியன் கன்னியருக்கான அரசு மானியத்தை நிறுத்தினான். 384-இல் சிம்மாக்கஸ் அதை மீட்டுத்தர வேண்டி முறையீடு எழுதினார். மானியம் நின்றதால்தான் பஞ்சம் வந்தது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. மிலான் நகர் ஆயர் அம்புரோஸ் மறுத்தெழுதினார். இரு தரப்பிலும் சொல்வன்மைக்குக் குறைவில்லை. வாதிக்கப்பட்ட பொருளாகிய கன்னியர் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இரு தரப்பிலும் இல்லை. பத்தாண்டு கழிவதற்குள் அரசாணைகள் கோயில்களை மூடின, தீயும் அணைந்தது.

கன்னியர் வாழ்ந்த மனையை 1883-இல் அகழ்ந்தபோது அவர்தம் சிலைகளும் சிலைப்பீடங்களும் வெளிப்பட்டன. கி.பி. 364-ஐச் சேர்ந்த ஒரு பீடம் தலைமைக் கன்னி ஒருத்தியின் தூய்மையையும் வழிபாட்டு அறிவையும் போற்றுகின்றது. புகழுரை முழுதும் இருக்கின்றது. பெயர் மட்டும் உளியால் செதுக்கி எடுக்கப்பட்டு முதலெழுத்து ஒன்றே எஞ்சியுள்ளது. அவள் கிறித்துவத்தைத் தழுவியதால் பெயரை அழித்தனர் என்று சிலர் கருதுவர்.

இறுதியாக ஒருத்தி பேசுகின்றாள். சொசிமஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் கூறும் செய்தி இது. படைத்தலைவன் ஸ்டிலிக்கோவின் மனைவி செரீனா, தேவர்களின் அன்னை கோயிலுக்குள் நுழைந்து, திருவுருவத்தின் கழுத்தணியைக் கழற்றித் தன் கழுத்தில் அணிந்துகொண்டாள். வெஸ்டா கன்னியருள் எஞ்சியிருந்த மூதாட்டி ஒருத்தி அவள் முகத்திற்கு நேரே அதைக் கண்டித்தாள். உடனிருந்தோரை ஏவி மூதாட்டியை அவ்விடத்தினின்று துரத்தச் செய்தாள் செரீனா. படியிறங்கிச் செல்லும்போதே அவள் செரீனாவுக்கும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சாபமிட்டாள். கி.பி. 408-இல் ஸ்டிலிக்கோ கொல்லப்பட்டான், மகனும் கொல்லப்பட்டான், செரீனாவை ஆட்சி மன்றத்தார் கழுத்தை நெரித்துக் கொன்றனர். அணி பூண்ட கழுத்தே சுருக்கை ஏற்றது என்று சொசிமஸ் மகிழ்ச்சியோடு எழுதுகின்றார். பழைய சமயத்தைச் சார்ந்தவராகிய அவருக்கு இக்கதை மிகவும் வேண்டியிருந்தது; ஆகவே முழுதும் நம்பவேண்டுவதில்லை. மூதாட்டி சினந்ததை எழுதியவர், சபித்ததை எழுதியவர், அவள் பெயரை எழுதவில்லை.